அந்திக்குத் தானே அடையும் கதவு

யாரும் அழைக்காமலே

கோழி வளர்க்கிற வீடுகளில் பிள்ளைகள் கேட்கிற மிகப் பழைய கேள்வி ஒன்று உண்டு. பகலெல்லாம் வளவிலும் வேலியோரத்திலும் குப்பையைச் சீய்த்துக்கொண்டு திசைக்கொன்றாய்த் திரிகிற கோழிகள், அழைப்பாரும் விரட்டுவாரும் இல்லாமலே, பொழுது சாய்கிற வேளையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றனவே, அவற்றுக்கு நேரம் சொன்னவர் யார் என்பதே அது. பெரியவர்களுக்கு அக்காட்சி பழகிப்போய்விட்டபடியால் அவர்கள் அதைக் கேட்பதில்லை. அவர்களை வருத்துவது அதனோடு ஒட்டிப் பிறந்த வேறொரு விஷயம். கோழி தானாக உள்ளே போகிறது. கதவு தானாக அடைபடுவதில்லை. அந்தச் சிறிய காரியம் ஒன்றுக்காக, வருஷத்தின் எல்லா நாட்களிலும், யாராவது ஒருவர் அந்தி வேளையில் வீட்டிலிருந்தே தீர வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்ற ஓரிடத்தில் இது சாமானியமான சங்கடமன்று. துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் வேலை செய்து இருட்டிய பின் வீடு திரும்புவோரும், வைத்தியசாலைக் காரியமாகக் கொழும்புக்கோ கண்டிக்கோ போய் இரண்டொரு நாள் தங்க நேர்வோரும், கதவடைக்கும் பொறுப்பை அயலவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அயலவர் மறந்துபோகிற ஒரே இரவு மரநாய்க்குப் போதும். கீரியும் உடும்பும் பகலில் நடமாடுபவை. அவற்றின் வரவைக் காகங்களின் கரைச்சலும் சேவலின் கொக்கரிப்பும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மரநாயும் நரியும் இரவுக்குரியவை. கூட்டுக்குள் புகுந்த மரநாய், பசிக்கு ஒன்றோடு நில்லாமல், படபடக்கிற கோழிகளையெல்லாம் கடித்துப்போட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே கடைசிக் கோழி உள்ளே போன பின்பும், முதல் மரநாய் மரத்தைவிட்டு இறங்குவதற்கு முன்பும் உள்ள சிறிய இடைவேளையில் கதவு அடைபட்டாக வேண்டும். அந்த இடைவேளையை ஒரு யந்திரம் கண்டுகொள்வது எப்படி, கண்டுகொண்ட பின் கதவை அசைப்பது எப்படி என்பவற்றையே இங்கு விசாரிக்கப் போகிறோம்.

கோழி அறிகிற அந்தி

நம் வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. அதன் நெருங்கிய உறவினமும் இலங்கையின் தேசியப் பறவையுமான காட்டுக்கோழி இன்றும் நம் காடுகளில் இருட்டுமுன் மரக்கிளை ஏறி உறங்குகிறது. அந்த அவசரத்துக்குக் காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. கண்ணின் விழித்திரையில், நிறங்களைப் பிரித்தறிகிற கூம்புக் கலங்களும் மங்கிய ஒளியில் துணைசெய்கிற கோற் கலங்களும் உள்ளன. மனிதனுக்கு மூன்று வகைக் கூம்புக் கலங்கள்; கோழிக்கோ நான்கு வகையும் அவற்றோடு இரட்டைக் கூம்புகளும் உண்டு; நமக்குப் புலப்படாத ஊதாக்கடந்த ஒளியையும் அது காண்கிறது. பகலின் சௌந்தரியத்தை நம்மிலும் அதிகமாக அனுபவிக்கிற அந்தக் கண், அதற்கு விலையாக இரவைத் துறந்திருக்கிறது. இருட்டிய பின் ஒரு கோழி தரையில் அகப்பட்டுக்கொண்டால், கூடு பத்தடி தூரத்தில் இருந்தாலும் நின்ற இடத்திலேயே ஒடுங்கிவிடும்.

கண் மாத்திரமே அதற்கு வெளிச்சத்தை அறிவிக்கிறது என்றும் எண்ணிவிடலாகாது. 1930களில் ஜாக் பெனுவா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பார்வையிழந்த வாத்துகளின் உடலும் நீண்ட பகலுக்கு ஏற்றபடி மாறுவதைக் கண்டு, பறவையின் மூளையின் ஆழத்திலேயே ஒளியை உணர்கிற உறுப்பு உண்டென்று நிரூபித்தார். மெல்லிய மண்டையோட்டினூடே சூரியவெளிச்சம் அங்கே போய்ச் சேர்கிறது. இவ்வெளிச்சம் நாள்தோறும் திருத்திவைக்கிற ஓர் உட்கடிகாரமும் அதற்கு உண்டு. ஜப்பானின் நகோயா சர்வகலாசாலையில் நிகழ்ந்து 2013இல் வெளியான ஆராய்ச்சியில், மாறாத மங்கிய ஒளியில் அடைத்துவைக்கப்பட்ட சேவல்கள், விடியலைக் காணாமலே, நாளுக்கொரு முறை தம் வேளையறிந்து கூவின. கோழி பார்ப்பது வானத்தை. வானம் ஏமாற்றுகிற நாளில் அதற்கு உதவுவது உள்ளேயிருக்கும் கடிகாரம். இவ்விரண்டையும் நம் கதவுக்கும் கொடுத்துவிட்டால் காரியம் பாதி முடிந்தது என்பது என் கட்சி.

கடிகாரம் மட்டும் போதாதா?

கடிகாரச் சுவிச் ஒன்றை வாங்கி மாலை 6.15க்கு அடைக்கும்படி வைத்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்பார்கள். பூமத்தியரேகைக்கு எட்டரைப் பாகை மாத்திரமே வடக்கே இருக்கிற திருகோணமலையில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை என்பது மெய்தான். ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமே. ஆயினும் நவம்பர் முற்பகுதியில் ஏறக்குறைய 5.43க்கு மறைகிற சூரியன் ஜூலையில் 6.30 வரை நிற்கிறது. 6.15க்கு அடைகிற கதவு ஜூலையில், வெயில் முற்றாக மறையுமுன்பே, கோழிகளை வெளியே வைத்து அடைத்துவிடும். ஜூலைக்கு ஏற்றபடி 6.50 என்று தள்ளிவைத்தாலோ, நவம்பரில் நன்றாக இருட்டி முக்கால் மணித்தியாலம் ஆகும்வரை கூடு திறந்தே கிடக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டு அந்தியின் தனிச் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். நம் வானத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து 22 நிமிஷத்துக்குள் அந்தியொளி முடிந்து இருள் கவிந்துவிடுகிறது. லண்டனில் கோடைகாலத்து அந்தி இதைப்போல் இரண்டு மடங்கு நீளமானது. மேனாட்டாருக்காக எழுதப்பட்ட செய்முறைகள் அரைமணி, முக்கால்மணி என்று தாராளமாகத் தவணை கொடுப்பதை நாம் அப்படியே பின்பற்றலாகாது.

மனிதருடைய மணியோ மனிதர் நினைத்தபடி மாறுகிறது. 1996இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, மே மாதத்தில் இலங்கை முழுவதற்கும் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரைமணி குறைக்கப்பட்டது. மீதி அரைமணி 2006 ஏப்ரில் வரை நீடித்தது. வன்னியில் விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டபடியால், ஒரு காரியத்துக்கு நாள் குறிக்கும்போது பழைய நேரமா புதிய நேரமா என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பத்து வருஷமும் கோழிகள் ஒரு நிமிஷமும் பிசகாமல் சூரியனோடு அடைந்து சூரியனோடு எழுந்தன.

வெளிச்சம் காணும் கண்

கதவுக்குக் கண்ணாக உதவுவது, சட்டைப் பொத்தானிலும் சிறிய ஒரு வில்லை. இருளில் மின்னோட்டத்தை ஏறக்குறைய முற்றாக மறித்துவிடுகிற அந்தப் பொருள், வெளிச்சம் படப்பட வழிவிடுகிறது. ஓடுகிற மின்னை அளந்தால் வெளிச்சத்தை அளந்தபடியாகும். இதை ஒளியறி என்போம். ஒளியை அளக்கிற அலகு லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். சூரியன் மறைகிற கணத்தில் சில நூறு. அந்தி முடிகையில் மூன்று அல்லது நான்கு. பூரண சந்திரனின் ஒளி ஒரு லக்ஸில் கால்பங்குக்கு மேல் வருவது அரிது. சூரியன் மறைந்த அந்த 22 நிமிஷத்துக்குள் வெளிச்சம் நூற்றில் ஒன்றாக வீழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு செங்குத்தான வீழ்ச்சியில் எல்லை குறிப்பது எளிது. 10 லக்ஸுக்குக் கீழே போனால் அடை என்று வைத்தால், பௌர்ணமியும் அதைக் குழப்பாது, மார்கழி மழைமுகிலின் நடுப்பகல் இருளும் அதைக் குழப்பாது.

குழப்பம் எல்லையருகில்தான். 10 லக்ஸில் அடைக்கவும் அதே 10 லக்ஸில் திறக்கவும் கட்டளையிட்டால், முகில் ஒன்று விலகிக் கூடுகையில் கதவு அடைத்துத் திறந்து அடைத்து அவதிப்படும். ஆதலால் அடைப்பதற்கு 10, திறப்பதற்கு 40 என்று இரண்டு எல்லைகளைத் தூரத் தூர வைத்து, நடுவே யந்திரம் முன்னிருந்த நிலையிலேயே நிற்கும்படி செய்கிறார்கள். இந்த நடுவெளிக்குத் தயக்க இடைவெளி என்று பெயர். இதோடு, எல்லைக்குக் கீழே பத்து நிமிஷம் தொடர்ந்து இருந்தாலொழிய அசையாதே என்று ஒரு விதியும், மாலை ஐந்தரைக்கு முன் எதை முன்னிட்டும் அடைக்காதே என்று கடிகார விதி ஒன்றும் சேர்த்துவிட்டால் போதும். ஒளியறி தெருவிளக்கையோ விறாந்தை விளக்கையோ பாராமல் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். காகத்தின் எச்சம் படிந்த ஒளியறிக்கு நடுப்பகலும் அந்தியே ஆகையால், கிழமைக்கொரு முறை ஈரத்துணியால் துடைப்பது அவசியம்.

உந்துதண்டு

கதவை அசைக்கிற கை, கடைகளில் அக்சுவேட்டர் என்று வழங்குகிற கருவி. நாம் அதை உந்துதண்டு என்று சொல்லிக்கொள்வோம். 1980களிலும் 90களிலும் வீட்டு முற்றங்களில் நின்ற பெரிய டிஷ் அன்ரனாக்களை ஒரு செய்மதியிலிருந்து மற்றொன்றை நோக்கித் திருப்பியதும், வைத்தியசாலைக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் இதுவே. குழாய் ஒன்றுக்குள் நீண்ட திருகாணி. அதன் அடியில் மோட்டாரும் பற்சில்லுகளும். ஆணியின்மேல் சுழலவொட்டாதபடி பிடிக்கப்பட்ட ஒரு சுரை. சுரையோடு பொருத்திய தண்டு. ஆணி சுழலச் சுழல, சுழலமுடியாத சுரை நேர்கோட்டில் நகர்ந்து தண்டை வெளியே தள்ளுகிறது. மோட்டாருக்குச் செல்லும் மின்னின் திசையை மாற்றினால் உள்ளே இழுக்கிறது.

திருகாணியின் புரி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற பாதையைப் போன்றது. பாதை எவ்வளவுக்குச் சரிவு குறைந்ததோ அவ்வளவுக்குச் சுமை எளிதாக ஏறும், அவ்வளவுக்கு நடையும் நீளும். சரிவு மிகக் குறைந்துவிட்டால் இன்னொரு நன்மையும் வாய்க்கிறது. சுமை தன் பாரத்தால் வழுக்கிக் கீழே வர முடியாமல் உராய்வே அதைப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரமே இல்லாதபோதும் உந்துதண்டு நின்ற இடத்தில் நிற்பது இதனால்தான். குழாயின் இரு முனையிலும் ஒவ்வொரு சிறு சுவிச் உண்டு. சுரை முனையைத் தொட்டவுடன் அது மின்னை அறுத்துவிடும். ஆனால் திரும்பிவருகிற திசைக்கு மாத்திரம் மின் செல்லும்படி ஒருவழிப்பாதையான டயோட் ஒன்றை அதற்குக் குறுக்கே வைத்திருப்பார்கள். தன் எல்லையைத் தானே அறிந்து நிற்கிற இக்குணத்தினால், சாதாரண மோட்டாரைவிட இது நமக்கு உகந்தது.

லிங்கநகரில் ஒரு கூடு

இனி லிங்கநகரில் ஒரு வீட்டின் பின்வளவில், பன்னிரண்டு ஊர்க்கோழிகளும் ஒரு சேவலும் உள்ள கூடொன்றை மனதில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். கோழி நுழையும் வாசல் 25 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. அதன்மேல் காடியில் ஏறி இறங்குகிற பலகைக் கதவு, மரநாயின் நகத்துக்கு ஈடுகொடுக்கத் தகரம் அடித்தது, ஒன்றரைக் கிலோ. 30 சென்ரிமீற்றர் நீளுகிற உந்துதண்டு ஒன்றை வாங்குகிறோம். அதன் மோட்டார் நிமிஷத்துக்கு 3,000 தரம் சுழல்கிறது. பற்சில்லுகள் அதை இருபதில் ஒன்றாகக் குறைத்து 150 ஆக்குகின்றன. ஆணி ஒரு சுற்றுச் சுழல்கையில் சுரை 4 மில்லிமீற்றர் நகர்கிறது. ஆகவே நிமிஷத்துக்கு 600 மில்லிமீற்றர். கதவு முழுவதும் திறக்க 30 செக்கன். கோழிகள் திடுக்கிடாத சாவதானமான வேகம் இது.

பலர் முதலில் செய்வது, உந்துதண்டைக் கதவுக்கு நேர்மேலே நிறுத்திக் கதவோடு முடுக்கிவிடுவது. அதற்கு இடம் போதுமா என்பதை அளந்து பார்க்க வேண்டும். சுருங்கிய நிலையிலும் 40 சென்ரிமீற்றர் நீளமான தண்டு, உயர்த்திய கதவின் உச்சிக்கு மேலே நிற்க வேண்டுமாதலால், வாசற்படியிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் உயரம் தேவை. ஊர்க்கோழிக் கூடுகள் அவ்வளவு உயரமாய் இருப்பது அபூர்வம். ஆனால் உயரத்தைக் காட்டிலும் பெரிய ஆட்சேபம் வேறொன்று இருக்கிறது.

நசுக்காத கதவு

கோழிகளிடையே மேல் கீழ் என்ற ஒழுங்கு உண்டென்பதை 1921இல் நோர்வே நாட்டுத் துர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே எழுதிக் காட்டினார். கொத்துகிறவர் யார், கொத்துப்படுகிறவர் யார் என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. கொத்துக்கு அஞ்சி வாசலில் தயங்கித் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் எல்லோருக்கும் கீழ்ப்பட்ட கோழியே. கதவு இறங்குகிற வேளையில் அதன் கழுத்து அங்கேயிருக்கக் கூடும். நாம் வாங்கிய உந்துதண்டோ 50 கிலோ பாரத்தைத் தள்ளவல்லது. ஒன்றரைக் கிலோக் கதவுக்கு அத்தனை பலம் வேண்டாமென்றாலும் கடையில் அகப்படுவது அதுதான். தடை ஏற்பட்டால் மோட்டாரின் மின்னோட்டம் ஏறும், அதைக் கண்டு திருப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கல் அகப்பட்டால் மெய்தான். ஆனால் 50 கிலோவைத் தள்ளுகிற யந்திரத்துக்கு ஒரு கோழியின் கழுத்து தடையாகவே தோன்றாது. ஏறுகிற மின்னோட்டம் அளவியின் சாதாரண நடுக்கத்துக்குள் மறைந்துபோகும்.

ஆதலால் உந்துதண்டு கதவைத் தள்ளவே கூடாது. தூக்க மாத்திரமே வேண்டும் என்பது என் துணிபு. தண்டைக் கூரை மரத்தோடு படுக்கையாகப் பூட்டி, நைலோன் கயிற்றைக் கப்பி ஒன்றின்மேல் செலுத்திக் கதவில் கட்ட வேண்டும். தண்டு கயிற்றை இழுத்தால் கதவு ஏறும். தளர்த்தினால் கதவு தன் பாரத்தாலே இறங்கும். கோழி குறுக்கே நின்றால் ஒன்றரைக் கிலோ அதன் முதுகில் சாய்ந்து நிற்கும், அவ்வளவே. அது விலகியதும் கதவு கீழே போய்ச் சேரும். கதவின் கீழ்விளிம்பில் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறி ஒட்டிவிட்டால் அந்தத் தொடுகையும் மிருதுவாகும்.

இப்படித் தளர்ந்து தொங்குகிற கதவை மரநாய் கீழிருந்து நெம்பித் தூக்கிவிடாதா? தூக்கிவிடும், அதன் முன்கால்கள் வெகு சாமர்த்தியமானவை. அதற்கான பரிகாரத்தையும் கயிறே தருகிறது. கயிற்றை நேரே கதவில் கட்டாமல், கதவின்மேல் ஆணியடித்துச் சுழலவிட்ட இரண்டு மரக்கைகளின் உள்முனைகளில் கட்ட வேண்டும். கதவு தரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்ததும், கைகளிரண்டும் பாரத்தால் சரிந்து வெளிமுனைகளை இருபுறக் காடியிலுள்ள பள்ளங்களில் செருகிக்கொள்ளும். காலையில் கயிறு இறுகும்போது முதலில் கைகள் உள்ளே மடங்கும், பிறகே கதவு எழும். வெளியிலிருந்து நெம்புகிற பலம் கைகளைப் பள்ளத்தில் மேலும் இறுக்குமேயல்லாமல் திறவாது.

தயங்கி நின்று வெளியே அகப்பட்டுக்கொண்ட கோழிக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பது தர்மம். அடைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஒருமுறை திறந்து, ஐந்து நிமிஷம் வைத்து, மீண்டும் அடைக்கும்படி கட்டளை எழுதலாம். ஆனால் நம் அந்தியில் பத்து நிமிஷம் என்பது கோழிக்குப் பார்வை போய்விடுகிற காலம்; கூட்டுக்குள் ஒரு வாற் அளவில் சிறு விளக்கொன்று கால்மணி நேரம் எரிந்தால், அந்த ஒளியைக் கண்டு அது வந்துவிடும்.

காத்திருப்பதற்கே செலவு

2022 மார்ச் முடிவில் இந்நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலிலிருந்தது. அதைக் கண்டவர் எவரும் கோழிக்கூட்டை வீட்டு மின்சாரத்தோடு இணைக்க விரும்பார். பற்றரி போதுமா? 12 வோல்ற்றில் ஓர் அம்பியர் இழுக்கிற மோட்டாருக்கு 12 வாற். இரண்டாம் தரம் திறந்தடைப்பதைச் சேர்க்காமல், காலையும் மாலையுமாக ஒரு நிமிஷம் ஓடினால் செலவு ஒரு வாற்-மணியில் ஐந்தில் ஒரு பங்கு. கதவைத் தூக்குவதற்கு மெய்யாகத் தேவையான சக்தி இதிலும் மிக அற்பம். மோட்டார் வாங்குகிற சக்தியில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்குதான் கதவுக்குப் போகிறது, ஏனையது பற்சில்லிலும் புரியிலும் உராய்வாகவும் மோட்டாரில் உஷ்ணமாகவும் கழிகிறது. வழுக்காமல் பிடித்துக்கொள்கிற ஆணிக்கு நாம் கொடுக்கிற விலையும் அதில் அடக்கம். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷ வேலையில் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

ஆச்சரியம் வேறிடத்தில் இருக்கிறது. ஒளியறியைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிற சிறு மூளைப் பலகை, ஓர் அம்பியரில் நூற்றிலொரு பங்கையே இழுக்கிறது. ஆனால் இருபத்துநான்கு மணித்தியாலமும் இழுக்கிறது. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 2.9 வாற்-மணி, கதவை அசைப்பதற்கு ஆகிற செலவைப்போல் பதினான்கு மடங்கு! அந்தச் சிறு விளக்கும்கூட மோட்டாரைவிட அதிகமாகவே உண்கிறது. 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல் காப்பாற்றினால், வெயிலே காணாத பன்னிரண்டு நாட்களுக்குத் தாங்கும். 5 வாற் சூரியத்தகடு வெயில் நாளில் ஏறக்குறைய 20 வாற்-மணி தருவது; வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்ட மார்கழியில் அதில் ஆறிலொரு பங்கு கிடைத்தாலும் கணக்கு நேராகிவிடும்.

கறலும் கச்சானும்

துறைமுகக் காற்றின் உப்பு சாதாரண இரும்பை ஒரு மாரிக்குள் கறலாக்கிவிடும். உந்துதண்டின் குழாய் அலுமினியமாகவும், தண்டும் மரைகளும் துருப்பிடிக்காத உருக்காகவும் இருப்பது நல்லது. காடிகளுக்குக் கிரீஸ் பூசினால் கச்சான் காலத்துப் புழுதி அதில் ஒட்டிக் கதவு இறங்காமல் நின்றுவிடுமாதலால், மெழுகு தேய்ப்பதே உத்தமம்.

யந்திரம் நின்றுபோகுமானால் கதவு எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதை முன்னமே தீர்மானித்துக்கொள்வது அவசியம். அடைத்தபடி நின்றால் மரநாய் பயமில்லை. ஆனால் கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, அதன் உடல் சாதாரணமாகவே 41 பாகை உஷ்ணமுள்ளது, வாயைத் திறந்து இளைப்பதே கடும் வெயிலில் அது குளிர்கிற முக்கிய வழி. கச்சான் வீசி வெயில் 35 பாகையைத் தாண்டுகிற பகலில், தகரக் கூரையின்கீழ் அடைபட்டுப்போன கோழிகள் பின்னேரம் வரை பிழைப்பது சந்தேகம். ஆகவே பற்றரி 11.8 வோல்ற்றுக்கு இறங்கினால், மறுநாட் காலையில் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிடும்படியும், வீட்டுவாசலில் தெரியத்தக்க சிவப்பு விளக்கொன்று மின்னும்படியும் வைக்க வேண்டும் என்பேன். கூட்டின் இரு பக்கமும் கம்பிவலையும் மேலே நிழலும் உள்ளே இரண்டு நாளைக்குப் போதிய தண்ணீரும் இருக்குமானால் மாத்திரம், அடைத்தபடி நிற்கச் சொல்லலாம். எவ்வாறாயினும் உந்துதண்டுக்கும் கப்பிக்கும் இடையே கயிற்றில் ஒரு கொக்கி இருக்கட்டும். ஸ்பானரும் சாவியும் இல்லாமல், வெளியே நிற்கிற எவரும் அதைக் கழற்றிக் கையால் இழுத்தால், மரக்கைகள் மடங்கிக் கதவு எழுந்துவிடும்.